வலையில் ஏறிய பீரங்கிக் குண்டு, எம்டனுடையதா? அவசரம்

காசிமேட்டுக்காரன்: அண்ணன்மாரே, மாமா வலையில் பழைய குண்டு ஒன்று ஏறியிருக்கிறது. அடியில் ஏதோ எழுத்து வெட்டியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் சென்னையைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் போட்டதுதானே? சாயங்காலம் காயலான் கடைக்காரர் வருகிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.

லேத் பட்டறை: என்ன எழுத்து தம்பி? குறுக்களவு எவ்வளவு? செம்புப் பட்டை இருக்கிறதா? மூக்கில் பியூஸ், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் கருவி இருக்கிறதா, வெறும் ஓட்டையா?

வண்ணை வரலாறு: எம்டன்தான், சந்தேகமே வேண்டாம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி நூற்றுக்கு மேல் சுட்டான். எல்லாமா கரைக்கு வந்திருக்கும்?

கோட்டைவாசி: கடலில் இரும்பு கிடைத்தாலே எம்டன் என்று கிளம்பிவிடுகிறீர்கள். இந்தக் குழுவின் பழைய விவாதங்களைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள். எம்டனின் பெரிய பீரங்கிகள் பத்தும் 10.5 சென்டிமீட்டர். அளவு சொல்லாத கேள்விக்குப் பதில் கிடையாது.

காசிமேட்டுக்காரன்: போட்டோ ஏற மாட்டேங்குது. தையல் டேப்பில் சுற்றளவு 37 சென்டிமீட்டருக்கு மேல், 38க்குக் கீழே. செம்புப் பட்டையில் சாய்வாகக் கோடு கோடாக இருக்கு. மூக்கில் பித்தளை மூடி. எழுத்துத் தெரிய உப்புத்தாள் போடட்டுமா?

லேத் பட்டறை: வேண்டாம், கையை எடு! அந்தக் கோடுகள் பீரங்கிக் குழாயின் உட்புறம் வெட்டியிருக்கும் வரிப்பள்ளம் பதிந்தவை. அப்படியென்றால் அது சுடப்பட்ட குண்டு. மூக்கில் இருப்பது பியூஸ் என்றால், சுட்டும் வெடிக்காமல் போயிருக்கலாம். அக்காலத்து பிரிட்டிஷ் குண்டுகள் பலவற்றில் லிட்டைட் என்ற வெடிமருந்தை நிரப்பினார்கள். அது பிக்ரிக் அமிலம். உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் உப்பு லேசான உரசலுக்கே வெடிக்கும். கடல் தண்ணீரில் ஊறியதால் செத்துப்போச்சு என்று நினைக்காதே. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 100க்கு போன் போடு. காயலான் கடைக்கு மட்டும் கொடுத்துவிடாதே.

அளவைப் பார்த்தால், 10.5 சென்டிமீட்டர் குண்டுக்குச் சுற்றளவு 33தான் வரும். உன்னுடையது குறுக்கே 12 சென்டிமீட்டர், அதாவது பிரிட்டிஷாரின் 4.7 அங்குலம். கோழிக்கால் மாதிரி மூன்று கோட்டு அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து. ஜெர்மன் கடற்படை முத்திரை கிரீடமும் அதன் கீழே ‘எம்’ எழுத்தும். இதைச் சரிபார்க்கிறேன் என்று திரும்பக் கிட்டே போகாதே.

வண்ணை வரலாறு: துரு ஏறினால் தடிமன் கூடாதா? ஹைகோர்ட் சுவரில் எம்டன் கல்வெட்டே இருக்கிறது.

கோட்டைவாசி: கல்வெட்டு சுவரில் விழுந்த குண்டுக்கு. அதை வைத்துக் காசிமேட்டுக் குண்டுக்குச் சாட்சி சொல்ல முடியாது. ஒன்றரை சென்டிமீட்டர் துரு ஏறினால் செம்புப் பட்டையில் கோடு தெரியுமா?

வண்ணை வரலாறு: எங்கள் பக்கத்துக் கதையை நாங்கள் சொன்னால் உங்களுக்கு ஏன் கோபம்? எண்ணெய்த் தொட்டி எரிந்ததும் பொய்யா?

கோட்டைவாசி: பர்மா ஆயில் தொட்டிகள் எரிந்தது உண்மை. இந்தக் குண்டு அதுவல்ல, அவ்வளவுதான்.

லேத் பட்டறை: சண்டை அப்புறம். தம்பி, போன் போட்டாயா?

காசிமேட்டுக்காரன்: போட்டாச்சு அண்ணே. போலீஸ் வந்து மணல் மூட்டை அடுக்கிட்டாங்க. அம்புக்குறி இருக்குன்னு அவங்களே சொன்னாங்க. மாமா வலை உள்ளே மாட்டிக்கிச்சு, விட மாட்டேங்கிறாங்க.

கோட்டைவாசி: அம்புக்குறி பக்கத்தில் ஆண்டு ஏதும் இருந்ததா?