ஸ்பிதி கான்வாய் பயணம், 7 இரவு: மணாலி பக்கமிருந்து ஏறலாமா?

தேன்சிட்டு_கோவை:

வணக்கம். ஜூன் கடைசி வாரம் ஹிமாசலின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். நாங்கள் இருவர், 9 வயதுப் பையன், 64 வயது மாமனார் (பிபி மாத்திரை எடுக்கிறார்). வழிகாட்டியோடு போகும் கான்வாய். முன்னால் ஒரு வண்டி, கடைசியில் ஒரு வண்டி அவர்களுடையது. நடுவில் நம் வண்டியை நாமே ஓட்ட வேண்டும். எங்களுடையது டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல், கிரவுண்ட் கிளியரன்ஸ் 190 மி.மீ.

கொடுத்திருக்கும் திட்டம்: சண்டிகர், மணாலி, சந்திரதால் ஏரி, காசா 2 இரவு, தாபோ, கல்பா, சிம்லா.

இந்த வரிசை சரியா? வண்டி தாங்குமா? மேலே போனதும் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்கிறார்களே, எவ்வளவு? ஆக்சிஜன் கேன் எத்தனை வாங்குவது?

கணவாய்_காவலன்:

வரிசையை அப்படியே தலைகீழாக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மணாலி சுமார் 2,050 மீட்டர். சந்திரதால் கேம்ப் 4,250-க்குப் பக்கம். ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி அங்கேயே படுக்கச் சொல்கிறார்கள். 3,000 மீட்டர் தாண்டினால் படுக்கும் உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதுதான் மலை மருத்துவத்தின் பொதுக் கணக்கு. பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும் பரவாயில்லை. தலை சாய்க்கும் இடம்தான் கணக்கு. சந்திரதாலில் நள்ளிரவில் தலைவலியும் வாந்தியும் வந்தால் கீழே இறங்க ஒரே வழி, பாத்தல் வரை 14 கி.மீ. ஒற்றை வண்டிப் பாதை. அதை இருட்டில் ஓட்ட உள்ளூர் டிரைவர்களே யோசிப்பார்கள்.

சிம்லா வழியாகப் போனால்: நார்கண்டா (2,700), கல்பா (2,960), தாபோ (3,280), காசா 2 இரவு (சுமார் 3,700), சந்திரதால், மணாலி. அதே 7 இரவு, சிம்லாவுக்குப் பதில் நார்கண்டா, மற்றபடி அதே ஊர்கள். கல்பாவிலிருந்து தாபோ போகிற வழியில் நாகோ 3,660-இல் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு அங்கே நிறுத்திவிட்டு தாபோவுக்கு இறங்கிப் படுப்பது உடம்புக்கு நல்ல பழக்கம். காசாவில் இருக்கும் இரண்டு நாளில் கீ மடம், கிப்பர், லாங்சா, ஹிக்கிம் என்று 4,100 முதல் 4,400 மீட்டர் வரை போய்ப் போய் வருவீர்கள். அதற்குப் பிறகு சந்திரதாலில் ஒரு ராத்திரி என்பது வேறு கதை. அப்போதும் மாமனாருக்குக் காசாவில் தூக்கம் கெட்டிருந்தால், ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு நேரே மணாலிக்கு இறங்கிவிடுங்கள்.

கேன் வாங்காதீர்கள். 10 லிட்டர் கேன் என்று போட்டிருந்தாலும் நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் 5 நிமிடம்தான். ரெகுலேட்டரும் மாஸ்க்கும் உள்ள சிலிண்டர் கடைசி வண்டியில் இருக்கிறதா, அதைத் திறக்கத் தெரிந்த ஆள் யார் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். ‘இருக்குங்க’ என்றால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

டாப்கியர்_மணி:

வண்டி தாங்கும்க்கா. ஆனா இழுக்காது. டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு பவரை விடும். காசாவுக்கும் சந்திரதாலுக்கும் நடுவுல வர்ற குன்சும் கணவாய் 4,550 மீட்டர். அங்க காத்தோட அடர்த்தி கடல்மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குகூட இல்ல. 100 எச்பி வண்டி அறுபது சொச்சமாத்தான் ஓடும். நாலு பேர், லக்கேஜ், மேல கேரியர்னு ஏத்தினா கொண்டை ஊசியில முதல் கியர்தான். கேரியரைக் கழட்டிடுங்க.

அடிபடப் போறது கிளட்ச். வளைவுல பாதி கிளட்ச்ல தொங்கவிட்டு நிக்கறதுதான் தப்பு. ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தி, முன்வண்டி வளைவை முடிச்சு மேல போனதும் ஒரே மூச்சுல ஏறுங்க. கருகின வாடை வந்தா ஓரங்கட்டி 20 நிமிஷம் ஆறவிடணும். இறக்கத்துல ரெண்டாவது கியர், பிரேக்கை விட்டு விட்டுத் தொடணும். ஒரேயடியா மிதிச்சுட்டே வந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி: ஏர் ஃபில்டர் புதுசு, கூலன்ட் லெவல், பிரேக் பேட், ஸ்டெப்னியில காத்து. வண்டியைக் கட்டி இழுக்கற டோ கொக்கி கையில இருக்கான்னு மட்டும் பாத்தாப் போதாது, பம்பர்ல ஒரு தடவை திருகிப் பாருங்க. நிறைய வண்டியில அந்த மரை துருப்பிடிச்சு ஏறாது. அது தெரிய வர்றது ஓடை நடுவுலதான்.

டயர் 33 பிஎஸ்ஐ-ன்னா மேல போனதும் 27-க்கு இறக்கிடுங்க. வெளிக்காத்து குறையறதால டயர் உப்பும்.

அளவுகோல்:

மணி, அது பாதிக் கணக்கு. 4,500 மீட்டரில் வெளி அழுத்தம் சண்டிகரைவிட 6 பிஎஸ்ஐ போலக் குறைவு, டயர் கேஜ் அந்த அளவு கூடுதலாகக் காட்டும். ஆனால் சண்டிகரில் 35 டிகிரியில் அடித்த காற்று குன்சும் காலையில் 5 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். அதில் நாலைந்து பிஎஸ்ஐ போய்விடும். கூட்டிக் கழித்தால் 33 என்பது 34, 35-தான். சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே என்று பார்த்து டயரை முடிவு செய்யக் கூடாது.

27-க்கு இறக்கினால் என்ன கெடும்? பாத்தலில் இருந்து மணாலி பக்கம் உள்ள கிராம்பூ வரை ஏறக்குறைய 50 கி.மீ., உருண்டைக் கல்லும் கூர்க்கல்லும் கலந்த தடம். காற்றுக் குறைந்த டயர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கிப் பக்கச் சுவர் கிழியும். அதற்குப் பஞ்சர் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவையே வையுங்கள், காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். 12 வோல்ட் காற்றுப் பம்பும் டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் கையில் இருக்கட்டும்.

டாப்கியர்_மணி:

சரி, ஒத்துக்கறேன். 27 வேண்டாம்.

தேன்சிட்டு_கோவை:

ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். அறைகள் பதிவாகிவிட்டதால் வரிசையை மாற்ற முடியாதாம். மணாலியில் ஒரு நாள் கூட்டித் தருகிறார்களாம், உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமாம். ஒப்புக்கொள்ளலாமா?

கணவாய்_காவலன்:

மணாலியில் கூடுதல் நாள் என்பது மால் ரோட்டில் ஷாப்பிங் நாள். 2,050 மீட்டரில் எத்தனை நாள் இருந்தாலும் 4,250-க்கு உடம்பு தயாராகாது.

டயமாக்ஸ் உடம்பு பழகுவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும், பழகுவதற்குப் பதிலாக நிற்காது. பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மி.கி. காலை, இரவு, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கவனம். சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரமரக்கும், சோடா சப்பென்று இருக்கும். மாமனாரின் பிபி மாத்திரையில் ஏற்கெனவே நீர் பிரிக்கும் மருந்து இருக்கலாம். அதனால் அவருக்கும் பையனுக்கும் உங்கள் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

அவர்கள் வழியேதான் என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. மணாலியில் தங்காமல் அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸுவில் (சுமார் 3,100) 2 இரவு. பிறகு சந்திரதாலை விட்டுவிட்டு நேரே காசா. சுரங்கம் வழியாகப் போவதால் ரோஹ்தாங் கணவாய்க்கான பெர்மிட்டும் வேண்டாம். ஏரி இல்லாத ஸ்பிதியா என்று பையன் முகம் சுளிப்பான். ஹிக்கிம் தபால் நிலையத்தில் இருந்து அவனே அவனுக்கு ஒரு கார்டு போடட்டும்.

எந்த வழியானாலும் மூன்றைக் கவனியுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல் நிற்காமல் வருவது, குடித்தவர் போலத் தடுமாறுவது. சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். கோட்டை விட்டு விலகினால் விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த நேரத்திலேயே கீழே. ரத்த ஆக்சிஜனைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காசாவில் 85, 88 சதவீதம் காட்டினால் பதற வேண்டாம், அந்த உயரத்தில் அது சகஜம். கை சில்லென்று இருந்தால் இன்னும் குறைத்தே காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

நாலா_கடந்தவன்:

ஓடைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 505-ஆம் தேசிய நெடுஞ்சாலை என்பது பெயர்தான். சோட்டா தாரா, சத்ரு பக்கம் பனியாறு உருகி வரும் தண்ணீர் சாலையின் மேலேயே ஓடும். காலை 7 மணிக்குக் கணுக்கால் அளவு இருக்கும் ஓடை, வெயில் ஏறினால் பிற்பகல் 3 மணிக்கு முழங்காலைத் தாண்டும். அடியில் இருந்த கல்லும் இடம் மாறியிருக்கும். மணாலி நோக்கி வந்தால் சந்திரதாலில் இருந்து 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். ‘டிபன் முடிச்சு 9 மணிக்கு’ என்று அட்டவணையில் போட்டிருந்தால் அந்த வழிகாட்டி இந்த ரோட்டைப் படித்தவர் இல்லை.

கடக்கும் முறை: ஒரு நேரத்தில் ஒரே வண்டி. முன்வண்டி கரையேறி வாக்கி டாக்கியில் சொன்ன பிறகுதான் அடுத்தது. முதல் கியர், ஒரே சீராக ஆக்ஸிலேட்டர். நடுவில் கிளட்சைத் தொடக் கூடாது, கியர் மாற்றக் கூடாது, வேகமாகப் பாய்ந்து தண்ணீரை வாரி அடிக்கவும் கூடாது. இன்ஜின் நடுவில் நின்றால் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டோ கயிறு போட்டு இழுத்த பிறகு மெக்கானிக் பார்க்கட்டும். கரையேறியதும் நாலைந்து முறை பிரேக்கை லேசாகத் தொட்டுக் காயவிடுங்கள்.

பெட்ரோல் காசாவில் முழு டேங்க். அங்கிருந்து மணாலி வரை 200 கி.மீ.க்குள்தான், ஆனால் பாதி தூரம் முதல் இரண்டு கியரில் போவதால் மைலேஜைக் கீழ்நாட்டுக் கணக்கில் போடாதீர்கள். பிரீபெய்டு சிம் ஹிமாசலில் வேலை செய்யும். குன்சுமுக்கு முன் வரும் லோசர் கிராமம் தாண்டினால், அடல் சுரங்கத்துக்கு அருகே உள்ள கோக்சர் பக்கம் வரும் வரை சிக்னலை நம்ப வேண்டாம். காசா ஏடிஎம்மில் சில நாள் பணம் இருக்காது, கல்பாவுக்குக் கீழே உள்ள ரெக்காங் பியோவிலேயே எடுத்துவிடுங்கள்.