தம்பிக்குத் தமிழில் பேசும் ஆலோசகர் தேவை

வணக்கம். என் தம்பி போதை மறுவாழ்வு நிலையத்திலிருந்து போன மாதம்தான் சிங்கப்பூர் ஈசூனில் உள்ள வீட்டுக்குத் திரும்பினான். சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தவறாமல் போகிறான், வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் இரவில் தூக்கமே இல்லை. சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு அடித்ததை இப்போதுதான் வாய்திறந்து சொல்கிறான், அதுவும் பாதியில் நிறுத்திவிடுகிறான். போதையை மட்டும் பேசி இந்தக் காயத்தை விட்டால் பலனில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அவனுக்கு மனம் திறக்க வரவில்லை.

1972 முதல் இயங்கும் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமான சானா, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, மனநலக் கழகத்தின் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவு, இவற்றில் எங்காவது தமிழில் ஆலோசனை பெற்றவர்கள் இருக்கிறீர்களா? யாரைக் கேட்கலாம்? வேலை முடிந்து மாலையில் போக முடியுமா? அம்மாவும் உடன் வரலாமா? தனிச்செய்தியில் சொன்னாலும் போதும், அக்கா, அண்ணன்களே.