'ஃபிரேம் பேஸிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சோனியின் பிஎஸ்பி கையடக்கக் கருவிக்கான விளையாட்டுகளைக் கைபேசியிலும் கணினியிலும் ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டருக்கான அமைப்பு வழிகாட்டியை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடித்துக் கொடுக்க வேண்டும். 'எமுலேட்டர்' என்பதை அப்படியே வைத்துவிட்டேன். அந்தச் சண்டையை வேறோர் இழையில் வைத்துக்கொள்வோம். எனக்கு வேண்டியது 'ஃபிரேம் பேஸிங்' என்பதற்கு ஒரு சொல். நொடிக்கு எத்தனை சட்டகங்கள், அதாவது திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்கள், வருகின்றன என்பது ஒன்று, அவை ஒரே இடைவெளியில் வருகின்றனவா என்பது வேறு. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 சட்டகங்கள் மட்டும் வந்தால், ஒன்று 16.7 மில்லிநொடியும் அடுத்தது 33.3 மில்லிநொடியும் திரையில் நிற்கும். எண்ணிக்கையில் இது 30-ஐ விடக் கூடுதல்தான். ஆயினும் 30-இல் கட்டி நிறுத்திய ஓட்டமே கண்ணுக்குச் சீராகத் தெரியும். இந்த வேறுபாடு புரியாதவர்கள் திரை மூலையில் ஓடும் சட்டக எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டு அமைப்புகளைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

தங்கள் மடலைப் படித்ததும் யாப்புதான் நினைவுக்கு வந்தது. வெண்பாவில் சீர்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும், அவை ஒன்றோடொன்று இணையும் ஒழுங்கான தளை தட்டினால் ஓசை கெடுகிறது அல்லவா? அதுபோல இந்த ஒழுங்கைத் 'தளை' என்றும், அது கெடுவதைத் 'தளைதட்டல்' என்றும் சொல்லலாம். மேலும், 'சட்டகம்' என்பது படத்தைச் சுற்றியிருக்கும் மரத்தைக் குறிக்குமே அன்றிப் படத்தைக் குறிக்காது. 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்று தொல்காப்பியர் காலத்தை அளந்த வழியிலேயே நாமும் சென்று, தோன்றி மறையும் ஒரு படத்தை 'இமை' எனலாம். பழம்பாடல்களில் இமைத்தல் ஒளிவிடுதலையும் குறிப்பதால், ஒளிரும் திரைக்கு அது இரட்டைப் பொருத்தம். எனவே என் பரிந்துரை 'இமைத்தளை'.

நிரலர் எழுதியது:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, அளவைதான் இடிக்கிறது. கண்ணிமைக்க நூறு மில்லிநொடி என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், அதற்குள் 60 சட்டக ஓட்டத்தில் ஆறு படங்கள் கடந்துவிடும். 'தளை' என்றால் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கைவிலங்குதான் நினைவுக்கு வரும்.

பயனருக்கு எல்லாமே 'லேக்', அதாவது இழுவை. ஆனால் காரணத்துக்கு ஏற்ப மருந்து மாறுகிறது. பிஎஸ்பியின் திரை 480×272 புள்ளிகள் மட்டுமே. அதை மும்மடங்கு பிரிதிறனில் வரையச் சொன்னால் புள்ளிகள் ஒன்பது மடங்காகின்றன. வரைகலைச் சில்லு திணறுவது அதனால் என்றால், பிரிதிறனைக் குறைத்தால் போதும். மையச் செயலி திணறினால் பிரிதிறனைக் குறைத்து எந்தப் பயனும் இல்லை. சில சட்டகங்களை வரையாமல் விடும் ஃபிரேம் ஸ்கிப்பும் பெரிதாக உதவாது, ஏனெனில் அது வரைதலை மட்டுமே தவிர்க்கிறது, விளையாட்டின் கணக்குகளை அல்ல. புதிய காட்சி ஒன்று முதன்முறை வரும்போது மட்டும் ஒரு கணம் உறைந்து, மறுமுறை வழுக்கிக்கொண்டு ஓடினால், அது ஷேடர், அதாவது வரைகலைச் சில்லுக்கான சிறு நிரல், தொகுக்கப்படும் நேரம். நின்டெண்டோவின் கேம்கியூப், வீ கருவிகளின் விளையாட்டுகளுக்கான டால்ஃபின் எமுலேட்டர் குழுவினர் 2017-இல் 'ஊபர்ஷேடர்' என்ற முறையைக் கொண்டுவந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். இவற்றுக்கெல்லாம் ஒரே சொல்லை வைத்தால் வழிகாட்டியே வீண். கணநேர உறைவுக்குத் 'திக்கல்', நம் இழையின் சொல்லுக்குச் 'சட்டகச் சீர்மை' என்பவை என் முன்மொழிவு.

பள்ளிக் கணினி ஆசிரியை எழுதியது:

'திக்கல்' வேண்டாம். பேச்சுத் திக்கும் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய இன்னொரு வாய்ப்பை நாம் உண்டாக்கித் தர வேண்டியதில்லை. 'தடங்கல்' எல்லோருக்கும் தெரிந்த சொல். 'சீர்மை'யிலும் எனக்கு ஐயம் உண்டு: எழுத்துச் சீர்மை என்று சொல்லிச் சொல்லி, அது திருத்தம் என்ற பொருளையே பெற்றுவிட்டது. 'சட்டக இடைவெளி ஒழுங்கு' என்றால் விளக்கமே வேண்டியதில்லை.

நிரலர் எழுதியது:

அம்மா, அது பொருளில் தெளிவு. ஆனால் கைபேசித் திரையில் அந்தத் தொடர் இரண்டு வரிக்கு மடிந்துவிடும். 'தடங்கல்' என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

புரியாது என்ற அச்சத்தில் எளிய சொல்லையே தேடினால் சொல்வளம் எப்படிப் பெருகும்? 'மென்பொருள்' கூட முதலில் கேட்டவருக்கு மென்மையான பொருளாகத்தான் தோன்றியிருக்கும். தளை வேண்டாமென்றால், 'சீர்' என்ற பெயரையாவது தனித்து நிற்கவிடுங்கள். 'மை' விகுதி அதைப் பண்பாக நீர்க்கச் செய்கிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அமைப்புப் பட்டியலில் 'சட்டகச் சீர்மை' என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் 'சட்டகங்களுக்கு இடையிலான நேரத்தைச் சமமாக வைத்தல்' என்றும் இட்டுவிட்டேன். கணநேர உறைவு 'தடங்கல்' ஆயிற்று. மூவர் இசைந்தோம், எங்களுள் ஒருவர் அரைமனத்துடன். ஃபிரேம் ஸ்கிப்புக்குச் 'சட்டகத் தவிர்ப்பு' என்று நானே முடிவு செய்து அனுப்பிவிட்டேன்.

தமிழாசிரியர் எழுதியது:

என் மாறுபாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் 'சட்டகம்' பற்றித் தனி இழை தொடங்குவேன்.