அவசரம்: பவர் விண்டோ இறங்கிருச்சு, ஏற மாட்டேங்குது

பிறை_பையன், இரவு 8.50
வணக்கம் எல்லாருக்கும். அக்கா வீட்டுலேருந்து திரும்பி வரப்ப டோல்ல கார்டு தட்ட கண்ணாடிய இறக்குனேன், அதோட சரி, ஏறவே இல்ல, நானும் அமுக்கி அமுக்கி பாத்துட்டேன். பிளாட்டுல கூரை இல்லாத பார்க்கிங், மழை வேற இருட்டிக்கிட்டு வருது, நாளைக்கு காலைல பினாங்கு பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போகணும். யாராச்சும் வழி சொல்லுங்க பிளீஸ்.

செந்தூல்_மச்சான்
என்ன காடி, எந்த வருஷம், எந்தப் பக்கம் கதவு? அமுக்குனா மோட்டார் சத்தம் வருதா இல்லியா?

பழைய_காடி_அண்ணன்
தம்பி, நான் முப்பது வருஷமா காடி கழட்டி மாட்டுறவன். இது மோட்டார், வேற ஒண்ணும் இல்ல. உள்ள கார்பன் தேஞ்சிருக்கும். சுவிட்ச்சை அமுக்கிக்கிட்டே கதவு அட்டைய கையால ரெண்டு தட்டு தட்டு, ஓடுனா மோட்டார்தான். இதையே இங்க எத்தனையோ தடவ எழுதிட்டேன், தேடிப் படிச்சிட்டு கேக்குற பழக்கமே இந்தக் காலத்துப் பசங்ககிட்ட இல்ல.

கெடா_அக்கா
தட்டுறது இருக்கட்டும் அண்ணே, முதல்ல மழை. தம்பி, கனமான குப்பை பிளாஸ்டிக் எடுத்து, கதவத் திறந்து, கண்ணாடி இருக்கற இடத்த முழுசா மூடற மாதிரி தொங்கவிட்டு, மேல் விளிம்ப உள்பக்கம் மடிச்சு கதவ மூடு, கதவே கவ்விக்கும். பெயின்ட் மேல டேப் ஒட்டாதே, பழைய பெயின்ட் உரிஞ்சு வந்துரும்.

பிறை_பையன்
நன்றி அக்கா, பிளாஸ்டிக் போட்டுட்டேன். டிரைவர் பக்கம், 1997 லோக்கல் செடான். தட்டிப் பாத்தேன், சத்தமே இல்ல. மத்த மூணு கண்ணாடியும் ஓடல, சொல்ல மறந்துட்டேன். பியூஸ் நல்லா இருக்கு. போன மாசம்தான் கண்ணாடிக்கு டின்டட், அதான் கறுப்பு பிலிம், ஒட்டுனேன், அதனாலயா?

கிள்ளான்_பறவை
அதேதான்! டின்டட் ஒட்டறப்ப சோப்புத் தண்ணி அடிப்பாங்கல்ல, அது கண்ணாடியோட கதவுக்குள்ள இறங்கி மெயின் சுவிட்ச்சு செம்பெல்லாம் பச்சை பிடிச்சிருக்கும். எனக்கு இப்படித்தான் ஆச்சு. சுவிட்ச்ச கழட்டி உப்புத்தாள்ல லேசா தேய்ங்க. அப்புறம் முன்னாடி கதவுக்கு கறுப்பா ஒட்டிருந்தா உரிச்சிருங்க, ஜேபிஜே, அதான் சாலைப் போக்குவரத்து இலாகா, பிடிச்சா சம்மன்.

ஈப்போ_ரோடு_வாசி
2019 மே மாசமே சட்டம் மாறிடுச்சு பாஸ், இப்ப எவ்வளவு கறுப்பா வேணா ஒட்டலாம்.

கிள்ளான்_பறவை
அது பின்னாடி கண்ணாடிக்கு மட்டும். முன் கண்ணாடில 70 பெர்சென்ட், முன் கதவு கண்ணாடில 50 பெர்சென்ட் வெளிச்சம் உள்ள வந்தே ஆகணும். அரைகுறையா சொல்லி அடுத்தவன மாட்டி விடாதீங்க.

ஈப்போ_ரோடு_வாசி
நானும் பின்னாடியத்தான் சொன்னேன். மத்தியான வெயில்ல கைக்குழந்தைய பின்சீட்ல வச்சிக்கிட்டு ஜாம்ல நின்னு பாருங்க, அப்ப தெரியும் டின்டட் ஏன் வேணும்னு.

பழைய_காடி_அண்ணன்
டின்டட் பேச்சு எதுக்கு? தம்பி, மோட்டார கழட்டி நேரா பேட்டரில குடுத்துப் பாரு.

ரெண்டாம்_தலைமுறை_வயர்மேன்
கழட்டாதீங்க தம்பி! கண்ணாடிய ஏத்தி இறக்குற ரெகுலேட்டர் கத்திரி மாதிரி கை இருக்கறதுன்னா உள்ள ஸ்பிரிங் இறுகி நிக்கும், மோட்டார எடுத்தா கை படக்குனு திரும்பி விரல நசுக்கிரும். சோதிக்கணும்னா பிளக்க மட்டும் பிடுங்கி, மோட்டார் பக்கத்து ரெண்டு வயர்ல 12 வோல்ட் குடுங்க, எதிர்ப் பக்கம் ஓடணும்னா வயர மாத்திக் குடுத்தா போதும். ஆனா அதுக்கு முன்னாடி யோசிங்க, நாலு மோட்டாரும் ஒரே நாள்ல சாகுமா? நாலுக்கும் பொது என்ன? பியூஸ், ரிலே, டிரைவர் கதவுல இருக்கற மெயின் சுவிட்ச், அதுக்குப் போற கரன்ட்டும் எர்த்தும். சாவிய ஆன்ல வச்சு, சுவிட்ச்ச மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டே கதவ மெதுவா திறந்து மூடிப் பாருங்க.

பிறை_பையன்
அண்ணே!! கதவு பாதி திறந்தப்ப ஏறிடுச்சு!! அப்படியே மூடிட்டேன். இனிமே இறக்க மாட்டேன்.

ரெண்டாம்_தலைமுறை_வயர்மேன்
அப்ப வயர்தான். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல நெளிநெளியா ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதுக்குள்ள வயர் ஒவ்வொரு தடவ கதவு திறக்கறப்பவும் மடங்குது. இத்தனை வருஷத்துல உள்ள செம்பு அத்துப் போகும், மேல பிளாஸ்டிக் அப்படியே முழுசா இருக்கும், பாத்தா தெரியாது, இழுத்துப் பாத்தா ரப்பர் மாதிரி நீளும். டெஸ்ட் லைட்டோட கிளிப்ப பாடி இரும்புல மாட்டி, மெயின் சுவிட்ச்சுக்கு வர்ற கரன்ட் வயர்ல முனைய வைங்க. எரியலேன்னா கரன்ட் வயர் அத்திருக்கு. எரிஞ்சா, கிளிப்ப எர்த் வயருக்கு மாத்துங்க, அங்க எரியலேன்னா எர்த். முறுக்கி டேப் சுத்தாதீங்க, ஈயம் வச்சு ஒட்டுங்க. கதவு அட்டைக்குப் பின்னாடி பிளாஸ்டிக் ஷீட் இருக்கும், அத கிழிச்சிட்டா அடுத்த மழைல கால்கிட்ட தண்ணி நிக்கும், பத்திரமா திருப்பி ஒட்டுங்க.

பழைய_காடி_அண்ணன்
நானும் வயர சந்தேகப்பட்டேன். ஆனா அந்த வயசு மோட்டார் சீக்கிரம் போகத்தான் போகுது, எழுதி வச்சிக்கோங்க.

கெடா_அக்கா
தம்பி, கண்ணாடி ஓரத்து ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரே அடி, கிரீஸ் தடவாதே, ரப்பர் ஊறிப் போகும்.

பிறை_பையன், மூணு நாள் கழிச்சு
எர்த் வயர்தான் அத்திருந்துச்சு. பக்கத்து வயர்மேன் கடையில 60 வெள்ளி (ரிங்கிட்). நாலும் ஓடுது. ரொம்ப நன்றிண்ணே.

ரெண்டாம்_தலைமுறை_வயர்மேன்
சந்தோஷம். ஒட்டுன இடம் அந்த ரப்பருக்குள்ளயே இருக்கா, இல்ல கதவுக்குள்ள தள்ளி இருக்கா? மடங்குற இடத்துல ஈயம் இருந்தா அதுக்குப் பக்கத்துலயே மறுபடி அத்துப் போகும். பாத்து சொல்லுங்க.

கிள்ளான்_பறவை
எந்த ஏரியா கடை தம்பி? எனக்கும் பின் கதவு ஒண்ணு மக்கர் பண்ணுது.