அபெக்ஸ் சீல்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தினருக்கு,

எஞ்சின் பாகமான அபெக்ஸ் சீலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியது:

> ரோட்டரி எஞ்சின் = சுழற்பொறி, பிஸ்டன் எஞ்சின் = உந்துபொறி. இரண்டும் எதிர்ப்பதம். அபெக்ஸ் சீல் = முனை அடைப்பான். முடித்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள், ஐயா.

முதலில் அந்த எதிர்ப்பதம். முதல் உலகப் போர் விமானங்களில் இருந்த நோம், லெ ரோன் எஞ்சின்களையும் ரோட்டரி என்றுதான் சொன்னார்கள். அவற்றில் கிராங்க் தண்டு அசையாமல் நிற்கும். சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். உள்ளே பிஸ்டனும் உண்டு. (விளக்கெண்ணெய் ஊற்றி ஓட்டினார்கள். அந்தப் புகையை முகர்ந்த விமானிகளின் வயிறு பட்ட பாட்டைக் கதை கதையாகச் சொல்வார்கள்.) நாம் பேசுவது வேறு: பெலிக்ஸ் வாங்கெல் வழி வந்து, 1957இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தில் முதலில் ஓடிய எஞ்சின். அதை 'வாங்கெல் பொறி' என்றே வைத்துக்கொள்வோம். டீசலும் ஓர் ஆளின் பெயர்தானே? பிஸ்டனுக்கு இலங்கைப் பாடநூல்களின் 'முசலம்' எனக்குப் பிடிக்கும். உலக்கை ஏறி இறங்குவது கண்ணில் தெரிகிறது.

என் பிடிவாதம் அபெக்ஸ் சீலில்தான். 'அடைப்பான்' என்றால் ஏதோ ஓட்டையை மூடுவது போல் இருக்கிறது. இதன் வேலை அதுவல்ல. நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் முக்கோணச் சுழலி சுற்றுகிறது. அதன் மூன்று பக்கத்திலும் மூன்று அறைகள். ஓர் அறை காற்றையும் பெட்ரோலையும் இழுத்துக்கொண்டிருக்கும்போது அடுத்ததில் அழுத்தமோ வெடிப்போ நடக்கும். இரண்டுக்கும் நடுவே, சுழலியின் முனையில், ஒரு சின்ன உலோகப் பட்டை, பின்னால் ஒரு வில். அதுதான் அபெக்ஸ் சீல். ஜப்பானியக் கார் நிறுவனமான மாஸ்டாவின் 13பி வாங்கெல் எஞ்சினில் சுழலியின் அகலம் 80 மி.மீ.; பிற்கால வகைகளில் பட்டையின் கனம் 2 மி.மீ. அவ்வளவுதான் சுவர்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் தேய்ந்தால் வாயு கீழே கிராங்க் அறைக்குப் போகும். புகைக்கும், ஆயில் குடிக்கும், ஆனாலும் வண்டி எப்படியோ வீடு வந்து சேரும். வாங்கெலில் கசிவு போவது பக்கத்து அறைக்கு. மலேசியாவில் ஒரு பட்டறையில் இருந்தபோது இதைக் காதாலேயே கேட்டிருக்கிறேன். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றினால் நல்ல எஞ்சின் 'புஸ், புஸ், புஸ்' என்று ஒரே சீராக ஊதும். மூன்று அறைக்கு மூன்று ஊதல். அன்று வந்த பழைய வண்டியில் ஒரு புஸ், பிறகு இரண்டு வெறும் பெருமூச்சு, மறுபடி ஒரு புஸ். பிரித்துப் பார்த்தால் போயிருந்தது ஒரே ஒரு பட்டை. வரப்பு உடைந்தால் இரண்டு வயலுக்கும் கேடு இல்லையா?

ஆகவே என் முன்மொழிவு: முனைவரப்பு.

வரப்பு நகருமா என்று கேட்பீர்கள். இங்கே நகர்கிறது, தலைவலியே அதுதான். பிஸ்டன் ரிங் சுவரில் ஒரே மாதிரி படிந்து, கீழிருந்து தெறிக்கும் எண்ணெயில் நனைந்தபடி போய்வரும். இந்தப் பட்டை ஒரு கணம் இப்பக்கம் சாய்ந்து உரசும், மறுகணம் அப்பக்கம். இதை நனைக்கவென்றே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்க வேண்டியிருக்கிறது. மாஸ்டாவின் ஆரம்பச் சோதனைகளில் கூட்டின் சுவரில் அலை அலையாகத் தழும்பு விழுந்தது. 'பிசாசின் நகக்கீறல்' என்றார்கள் அங்கிருந்த பொறியாளர்கள். அலுமினியம் ஏற்றிய கார்பன் பட்டை போட்ட பிறகுதான் 1967இல் மாஸ்டாவின் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு வந்த என்எஸ்யு ஆர்ஓ 80 காருக்கு அந்த யோகம் இல்லை. வாரண்டியில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி நொந்துபோனது.

எல்லாப் பழியையும் வரப்பின் மேல் போடவும் கூடாது. வெடிக்கும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் சூடு சுவருக்குப் போகிறது, ஓரத்துப் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. பட்டை புத்தம் புதிதாக இருந்தாலும் மைலேஜ் வராது. வால்வு இல்லாத, அதிராத, கைக்கடக்கமான எஞ்சினுக்கு அந்த விலை கொடுத்தாக வேண்டும். 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றதும் இந்த வகைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கவாட்டு சீலுக்குப் பக்கவரப்பு, இரண்டும் சேரும் மூலையில் இருக்கும் உருளைத் துண்டுக்கு மூலைத்தக்கை. சரிதானா?

> வரப்புக்கு என் ஓட்டு. ஆனால் 'முனைவரப்பு' என்பதை மூன்று முறையும் 'முனைவர் அப்பு' என்றே படித்தேன். யாரோ பேராசிரியர் என்று நினைத்துவிட்டேன்.

சிரித்துவிட்டேன், ஐயா. இனி அந்தச் சொல்லை எங்கு பார்த்தாலும் எனக்கும் அப்பு சார்தான் தெரிவார். சரி, 'நுனிவரப்பு'. மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.