வாத்து வேட்டைக் குலுக்கல்: மகளோடு போக எந்த வனவிலங்குப் புகலிடத்துக்கு மனுச் செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ பக்கம் இருக்கிறேன். நானும் என் 14 வயது மகளும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து உரிமம் வாங்கிவிட்டோம். வாத்து வேட்டைக்குக் கட்டாயம் வாங்க வேண்டிய மத்திய அரசின் வாத்து முத்திரையும் எனக்கு வந்துவிட்டது. 16 வயது ஆகாததால் அவளுக்கு அது தேவையில்லை. ஈயக் குண்டு கூடாது என்பதால் எஃகுத் தோட்டாதான் வாங்கியிருக்கிறோம்.

இப்போது எந்த நாளில் யார் உள்ளே போய் வேட்டையாடலாம் என்று முடிவுசெய்யும் முன்பதிவுக் குலுக்கலில்தான் தயங்கி நிற்கிறேன். வேட்டை நாளுக்கு 17 நாள் முன்பே மனு போய்ச் சேர வேண்டும், கட்டிய பணம் திரும்ப வராது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா நாளுக்கும் போட மனமில்லை. சாக்ரமெண்டோ, டெலிவன், கொலூசா, கிரே லாட்ஜ் என்று நான்கு இடங்கள் மனதில் இருக்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு, அதுவும் ஒரு சிறுமியோடு போக, எது நல்லது? இடுப்பளவுத் தண்ணீரில் அவளை வெகுதூரம் நடக்க வைக்க எனக்குப் பயம். வாத்துகள் கண்ணில் படாமல் பதுங்கியிருக்கும் மறைவிடத்துக்குச் சுலபமாக நடந்துபோகிற இடம் இருந்தால் சொல்லுங்கள்.

புதன், சனி, ஞாயிறு மட்டும்தான் வேட்டை. புதனன்று போட்டி குறைவு என்கிறார்கள், ஆனால் அவளுக்குப் பள்ளி. சனிக்கிழமைக்குப் போட்டுக் கிடைத்தவர்கள் யாராவது உண்டா? குலுக்கலில் பெயர் வராவிட்டால் விடிவதற்கு முன்பே போய்க் காத்திருப்போர் வரிசையில் நிற்கலாமாம். எத்தனை மணிக்குப் போனால் இடம் கிடைக்கும்?

ஊசிவால் வாத்துகள் கூட்டமாக இறங்குவதை அவள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அதுதான் ஆசை. நவம்பர் முதல் சனிக்கு மனுப்போட இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.