சைட் ஹெல்மெட்டை எப்போது கழிப்பது?

ஸ்டோர்பொறுப்பு:
வணக்கம். எங்கள் கட்டுமான சைட்டில் ஸ்டோர் இப்போது என் கையில். அலமாரியில் பழைய ஹெல்மெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. உட்பக்கம் ஏதோ வட்டம், அம்புக்குறி இருக்கிறது, என்னவென்று புரியவில்லை. சூப்பர்வைசரோ, "உடையாததை எதுக்கு மாத்தணும்?" என்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

மஞ்சள்தொப்பி:
அஞ்சு வருஷம் ஆனா தூக்கிப் போடுங்க. அவ்வளவுதான்.

சாரக்காரன்:
அஞ்சு வருஷம் என்பது பல கம்பெனிகள் ஓட்டுக்கு, அதாவது ஹெல்மெட்டின் கெட்டியான வெளிக்கூட்டுக்கு, சொல்லும் மேல் வரம்பு. அதுவரை தாங்கியே தீரும் என்று அர்த்தமில்லை.

தம்பி, அந்த வட்டம்தான் தயாரிப்புத் தேதி. அம்பு காட்டும் எண் மாதம், அம்புக்கு இருபுறமும் உள்ள இலக்கங்கள் வருடம். அம்பு 4-ஐக் காட்டி, பக்கத்தில் 2, 1 என்று இருந்தால் ஏப்ரல் 2021. பயன்பாட்டுக் காலத்தைச் சில கம்பெனிகள் தயாரித்த நாளிலிருந்து எண்ணும், சில கையில் கொடுத்த நாளிலிருந்து. கூட வரும் தாளைப் பாருங்கள்.

ஆனால் நான் கையில் எடுத்ததும் திருப்பிப் பார்ப்பது உள்வாரைத்தான், உள்ளே தலையைத் தாங்கும் பட்டைகளை. அடியை வாங்கிப் பரப்புவது ஓடு. இழுபட்டு வேகத்தைக் குறைப்பது வார். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அதற்காகத்தான். அங்கே பீடிக்கட்டு, கையுறை என்று செருகி வைக்கிறவர்களிடம் நான் சண்டையே போடுவேன். வார் ஓட்டில் மாட்டும் பிளாஸ்டிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பாருங்கள். அந்த மூலையில்தான் மயிரிழை விரிசல் முதலில் வரும். வியர்வையில் விறைத்த வார், பிரிந்த தையல், பிடிக்காமல் வழுக்கும் ராட்செட் (பின்னால் வாரை இறுக்கும் திருகு), எது இருந்தாலும் வாரை மாற்றிவிடுங்கள். வருடம் ஒரு முறை மாற்றச் சொல்லும் கம்பெனிகள் நிறைய.

அப்புறம் ஓடு. வெயில் பட்ட பிளாஸ்டிக் வெளுத்து, துடைத்தால் சுண்ணாம்புபோல விரலில் ஒட்டும். அது போச்சு. இல்லையென்றால் இரு பக்கமும் உள்ளங்கை வைத்து ஓரங்குலம் அமுங்குகிற அளவுக்கு அழுத்தி விடுங்கள். சட்டென்று பழைய வடிவத்துக்கு வர வேண்டும். நொறுங்கும் சத்தம் கேட்டால் கழித்துவிடுங்கள். ஸ்டிக்கர் மூடியிருக்கும் இடத்தை இப்படிப் பார்க்கவே முடியாது, அதனால் எனக்கு ஸ்டிக்கரே பிடிக்காது.

சூப்பர்வைசருக்கு இதைச் சொல்லுங்கள்: ஈ.என் 397 என்ற ஐரோப்பிய ஹெல்மெட் தரநிலைச் சோதனையில் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். தலைக்கு வரும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அதில் தேறியது புது ஹெல்மெட்.

ஸ்டோர்பொறுப்பு:
நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். மேலேயிருந்து ஸ்பேனர் விழுந்த ஒன்று இருக்கிறது, கீறல்கூட இல்லை. இன்னொன்றில் பெயின்ட் கறை. தின்னரால் துடைக்கலாமா?

சாரக்காரன்:
ஸ்பேனர் விழுந்தது கழிவுதான், கீறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாரை அறுத்து, ஓட்டையும் வெட்டிப் போடுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால் மறுநாள் யாராவது மாட்டிக்கொண்டு வருவார்கள். தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு போதும். அதில் போகாத கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்டோர்பொறுப்பு:
சரி. வேறு கம்பெனி வார் நிறைய ஸ்டாக் இருக்கிறது. அதை மாட்டலாமா?

சாரக்காரன்:
கூடாது. பொருந்துகிற மாதிரி இருக்கும், அடி பட்டால் கழன்றுவிடும். அதே மாடலுக்கான வார் கிடைக்காவிட்டால் ஓட்டையும் சேர்த்துக் கழித்துவிடுங்கள்.